பேப்பர் காயறதுக்குள்ள தலை நிறைஞ்சு போகுதா? அறிகுறி பார்த்து சரி பண்ற வழி

நான் கோத்தகிரில இருந்துக்கிட்டு வாட்டர்கலர் பண்றேன், பதினோரு வருஷம் ஆச்சு, சோலை (நம்ம மலையோட அடர்ந்த காடு), டீத்தோட்டம், மேகம் இறங்கின மலை, இத விட்டு வேற எதுவும் பெருசா வரைஞ்சதில்ல. சாயங்காலம் பக்கத்து புள்ளைங்களுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கறேன், பெரியவங்களும் சில பேர் வருவாங்க. முன்னாடியெல்லாம் வர்றவங்க "எங்க போய் கத்துக்கறதுன்னே தெரியலங்க"ன்னு கேப்பாங்க. இப்ப அப்படி யாரும் கேக்கறதில்ல, "எல்லாம் தெரியுதுங்க, ஆனா கை ஓட மாட்டேங்குது"ன்னுதான் சொல்றாங்க. எந்த பேப்பர், பிரஷ் என்ன நம்பர், எந்த பெயிண்டர் எந்த வரிசைல வாஷ் (தண்ணி கலந்த கலர அகலமா பரப்பறது) போடறார், எல்லாம் மனப்பாடமா இருக்கு, படம் மட்டும் வரல. தகவல் தலைல அதிகமாயிடுச்சு, அதான் கோளாறு.

எனக்கும் இது நடந்துச்சு. ஒரு வருஷம் அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் முடியற வரைக்கும் எங்க ஊர் பக்கத்து லாங்வுட் சோலை ஓரத்த ஒரு ஹாஃப் ஷீட்ல வரைய உக்காந்தேன், மூணு மாசம், அந்த ஒரு படத்த முடிக்க முடியல, நாலு ஷீட் வீணா போச்சு. அப்ப தினமும் என்ன பண்ணேன், எப்ப கெட்டுச்சுன்னு பழைய ரூல்டு நோட்ல குறிச்சு வச்சேன். அந்த நோட்ல இருந்துதான் இத எழுதறேன்.

உங்க படத்துல என்ன தெரியுதோ அந்த அறிகுறிக்கு மட்டும் போங்க. ஏற்கனவே தலை நிறைஞ்சு போய்தான் வந்திருப்பீங்க, அதனால ஒண்ண எடுத்துட்டு டேபிளுக்கு போயிடுங்க, மீதி அப்புறம் பாத்துக்கலாம்.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல இத பாருங்க

படம் கெட்டுப்போன அன்னைக்கு, கெடறதுக்கு முன்னாடி கடைசியா எத பாத்தீங்க? ஜன்னலா, போனா? போன்னா, அப்ப பேப்பர் ஈரமா இருந்துச்சா? என் நோட்ல கெட்டதுன்னு குறிச்ச நாள்ல பாதிக்கு மேல ஒரே கதைதான், வாஷ் போட்டிருப்பேன், காயட்டும்னு போன எடுத்திருப்பேன். நம்ம ஊர்ல இது பெரிய விஷயம், ஏன்னு மூணாவது அறிகுறில விவரமா சொல்றேன். நேரம் இல்லாதவங்க நேரா அங்க போங்க.

அறிகுறி 1: காலைல உக்காந்தா மத்தியானம் வரைக்கும் பேப்பர் வெள்ளையாவே இருக்கு

தயாரிப்பு முடியல, இன்னும் ஒரு வீடியோ பாத்துட்டா தெளிவாயிடும்னு தோணும். தெளிவாகாது. ஒருத்தர் மேல இருந்து கீழ வரணும்பார், இன்னொருத்தர் இருட்ட மொதல்ல வைங்கன்னு சொல்வார், ரெண்டு பேரும் நல்ல பெயிண்டர்தான், ரெண்டும் சரிதான், ஆனா ரெண்டும் ஒரே படத்துல உக்காராது. எதையாவது ஒண்ண விடணும், அத விட மனசு வராம இன்னொருத்தர் என்ன சொல்றார்னு தேட போறோம், இப்ப மூணு பேர் ஆயிடறாங்க.

செய்ய வேண்டியது: முந்தின நாள் சாயங்காலமே ஒரு துண்டு பேப்பர்ல (நான் காலண்டர் தாள் பின்பக்கம் எழுதுவேன்) நாளைக்கு வரையப்போற படத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்க. "மேகத்துக்குள்ள மரம் எந்த இடத்துல காணாம போகுது?" இந்த மாதிரி, பாத்து பதில் சொல்ற கேள்வியா இருக்கணும். "நல்ல படம் எப்படி பண்றது"ன்னு எழுதினா அதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு, திரும்ப அதே குழிதான். அப்புறம் சிகரெட் பாக்கெட் அளவு கட்டம் மூணு போட்டு, பென்சில்ல வெளிச்சம், நடுத்தரம், இருட்டு, மூணே டோன்ல மலைய வச்சு பாருங்க. கண்ண பாதி மூடிட்டு பாத்தா மூணு டோன் தானா பிரிஞ்சு தெரியும். மூணுல எது பிடிச்சிருக்கோ அத மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் அடிச்சிடுங்க. காலைல எந்திரிச்சதும் அந்த துண்டுப்பேப்பர்ல இருந்து ஆரம்பிங்க, வேற எதையும் திறக்காதீங்க. மொத வாஷ் போட்டதுக்கு அப்புறம் பயம் பாதி போயிடும்.

அறிகுறி 2: பச்சை எல்லாம் சேறு மாதிரி ஆகுது

நீலகிரில பச்சைதான் பாடம், பச்சைதான் பரீட்சை. டீயோட கொழுந்து ஒரு பச்சை, பழைய இலை ஒரு பச்சை, சில்வர் ஓக் சாம்பல் கலந்தது, யூகலிப்டஸ் நீலம் ஓடினது, சோலை தூரத்துல இருந்து பாத்தா கிட்டத்தட்ட கருப்பு. இத சமாளிக்கறதுக்குன்னு ஒவ்வொரு வீடியோலயும் ஒரு டியூப் சொல்வாங்க, நானும் வாங்கி வச்சேன், ஒரு கட்டத்துல பச்சை மட்டும் ஏழு டியூப் இருந்துச்சு.

எங்க பெரியப்பா குன்னூர் பஜார்ல போர்டு எழுதிட்டு இருந்தவர், ஃபிளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி. அந்த டிசம்பர்ல வீட்டுக்கு வந்தவர் என் டேபிள பாத்துட்டு, "ஏன் கண்ணு, இத்தன டியூப் திறந்து கெடக்கே, மூடியெல்லாம் எங்க?"ன்னு கேட்டார். "எல்லாம் வேணும்ங்க பெரியப்பா, ஒவ்வொண்ணும் ஒரு மரத்துக்கு"ன்னேன். "எங்களுக்கு எனாமல்ல ஏழு டப்பா இருக்கும், அதுலயும் ஒரு போர்டுக்கு மூணுதான் திறப்போம் சாமி. நாலாவது டப்பாவ திறக்கணும்னா மொதல்ல மூணுல ஒண்ண மூடணும்." சொல்லிட்டு உக்காந்து ஒவ்வொரு டியூப்புக்கும் மூடி தேடி மாட்டிட்டு போனார். அன்னைக்கு எனக்கு கோவம்தான் வந்துச்சு, ஒரு வாரம் கழிச்சுதான் உறைச்சது.

ஏன் சேறாகுதுன்னா, டியூப்ல 'சாப் கிரீன்', 'ஹூக்கர்ஸ் கிரீன்'னு போட்டு வர்றதெல்லாம் பெரும்பாலும் ஏற்கனவே ரெண்டு மூணு பிக்மெண்ட் (நிறப்பொடி) கலந்து வச்சது, கம்பெனிக்கு கம்பெனி உள்ள இருக்கிறதும் வேற. அந்த மாதிரி ரெண்டு டியூப்ப கலந்தா நீங்க ரெண்டு கலர் கலக்கறதா நினைப்பீங்க, பேலட்ல அஞ்சாறு பிக்மெண்ட் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் வெளிச்சத்த தின்னும், மிச்சம் இருக்கறதுதான் சேறு. டியூப் பின்னாடி சின்ன எழுத்துல பிக்மெண்ட் நம்பர் இருக்கும், அத படிங்க. அல்ட்ராமரின்னா பி.பி.29, தேலோ கிரீன்ல நீலம் ஓடினது பி.ஜி.7, இப்படி ஒரே நம்பர் இருந்தா ஒத்தை பிக்மெண்ட்.

சரி பண்ற வழி: ஒரு மாசத்துக்கு மூணே டியூப். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஒரு எலுமிச்சை மஞ்சள். மத்தத டப்பால போட்டு பரண்ல வைங்க, கண்ணுல படற இடத்துல வேணாம். மஞ்சளோட கொஞ்சூண்டு அல்ட்ராமரின் சேத்தா கொழுந்து கிடைக்கும், நீலத்த கூட்டி பர்ன்ட் சியன்னா ஒரு தொடு தொட்டா பழைய டீ இலை, சியன்னாவும் நீலமும் சரிபாதி போட்டு மஞ்சள மறந்துட்டா சோலையோட அடி இருட்டு. அதே ரெண்ட தண்ணி நிறைய விட்டா மேகத்தோட சாம்பல். பக்கத்துல வெள்ளரிக்கோம்பைல குறும்பர் ஓவியம் பாத்திருக்கீங்களா, வேங்கை மரப்பிசின், இலைச்சாறு, மண், கரி, காட்டுல கிடைக்கறத வச்சே தேனெடுக்கறது, ஆட்டம், சாமி, முழு வாழ்க்கையும் அதுல இருக்கும். நான் கிளாஸ்ல கலர் பாடம் ஆரம்பிக்கறதே அத காட்டித்தான்.

தேலோ கிரீன் வச்சே ஆகணும்னா வைங்க, ஆனா அது டியூப்ல இருந்து வர்ற மாதிரி எந்த இலையும் இந்த மலைல கிடையாது, பர்ன்ட் சியன்னா போட்டு அடக்கித்தான் விடணும்.

அறிகுறி 3: மொத வாஷ் நல்லா வந்துச்சு, திரும்பி வந்து பாத்தா பிடிக்கல, கை வச்சேன், போச்சு

இதுதான் முக்கியமானது, என் நோட்ல பாதிக்கு மேல இதுதான்.

சமவெளில இருக்கிறவங்க வீடியோல "இப்ப பத்து நிமிஷம் காய விடுங்க"ன்னு சொல்வாங்க. கோத்தகிரில வடகிழக்கு பருவமழைதான் நமக்கு பெருசு, ஐப்பசி கார்த்திகைல மேகம் ஜன்னல் வழியா ரூமுக்குள்ளயே வந்துடும், துவைச்ச துணி மூணு நாள் காயாது, 300 ஜிஎஸ்எம் தடிமன் காட்டன் பேப்பர் நல்லா தண்ணி குடிச்சிருந்தா ஒரு மணி நேரம் ஆனாலும் சில்லுன்னே இருக்கும். அந்த ஒரு மணி நேரம் கை சும்மா இருக்கு. சும்மா இருக்கிற கைக்கு போன் வந்துடும். ஒரு படத்துக்கு ஆறு தடவை காய வைக்கணும்னா ஆறு தடவை கதவு திறக்குது, ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது பேர் வேலைய பாத்துட்டு வர்றோம். ஆக தகவல் அதிகமாகறது நம்ம குணக்கேட்டால மட்டும் இல்ல, நம்ம ஊரு ஈரத்துக்கும் அதுல பங்கு இருக்கு. இது புரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு என் மேல இருந்த வருத்தம் கொறஞ்சுது.

ஒரு நாள் நடந்தது சொல்றேன். நவம்பர், காலைல ஏழு மணி இருக்கும். கேத்தரின் ஃபால்ஸ் பக்கத்து பள்ளத்துல இருந்து மேகம் ஏறி வந்துட்டு இருந்துச்சு. அடில கனமா இருக்கும், மேல போகப் போக பஞ்சு பிச்ச மாதிரி கிழியும், டீக்காட்டுல நிக்கிற சில்வர் ஓக் ஒண்ணொண்ணா மறையும், மொதல்ல அடிமரம் போகும், தலை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்துல தொங்கிட்டு அப்புறம் அதுவும் போயிடும். அத வெட் இன் வெட்ல (ஈர பேப்பர்ல ஈர கலர்) போட்டேன், அடில சாம்பல் தானா எறங்கி மேல வெள்ளை நின்னுச்சு, இவ்வளவு நல்லா அதுவரைக்கும் எனக்கு வந்ததில்ல. காய வச்சுட்டு போன எடுத்தேன். வேற ஏதோ நாட்டு கடற்கரை பனிமூட்டம், ஒருத்தர் ஊதா கலந்து போடறார், அழகா இருந்துச்சு. அம்பது நிமிஷம் கழிச்சு திரும்பி வந்து என் பேப்பர பாத்தா சப்புன்னு இருக்கு. ஊதா போட்டேன். பேப்பர் முழுசா காயல, பிரஷ்ல இருந்த தண்ணி அரை ஈரத்துல இறங்கி ஓரம் ஓரமா காலிஃபிளவர் மாதிரி பூத்துடுச்சு, அந்த மேகம் போச்சு. ஜன்னல்ல பாத்தா வெளில இருந்த மேகமும் கலைஞ்சிருந்துச்சு.

என்ன நடக்குதுன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு கண்ணு. போன் திரை தானா ஒளி விடுது, பேப்பர் தன் மேல விழற வெளிச்சத்த திருப்பி அனுப்புது, அவ்வளவுதான் அதால முடியும். பளிச்சுன்னு இருக்கிற திரைக்கு கண்ணு பழகின உடனே பேப்பர பாத்தா எந்த படமா இருந்தாலும் மங்கலாத்தான் தெரியும், உடனே கலர ஏத்தறோம், இருட்ட கூட்டறோம். ரெண்டாவது மனசு. சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல இதப் பத்தி எழுதியிருக்காங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு இன்னொண்ணுக்கு போனா மனசுல ஒரு பகுதி பழையதுலயே ஒட்டிட்டு நிக்கும், புதுசுல முழுசா இறங்காதுன்னு. அவங்க ஆபீஸ் வேலைய வச்சு சொன்னது, எனக்கு டேபிள்ல அப்படியே பொருந்துச்சு. அன்னைக்கு நான் என் மலைய பாத்துட்டு இருந்தேன், ஆனா மனசு அந்த கடற்கரைலயே நின்னுச்சு.

இப்ப நான் பண்றது இதுதான்.

போன் அடுப்படில அரிசி டின் மேல இருக்கும், சார்ஜ் போட்டு. சைலண்ட்ல போட்டு பக்கத்துல வைக்கறது வேலைக்காகல, நான் பாத்துட்டேன். எந்திரிச்சு நடந்து போய் எடுக்கணும்னா பாதி தடவை போக மாட்டோம். வீட்ல வயசானவங்க, ஸ்கூல் போற குழந்தைங்க இருந்தா ரிங் மட்டும் வச்சுக்கோங்க, நெட் ஆஃப்.

காயற நேரத்துக்கு கைக்கு வேற வேலை குடுங்க. தண்ணி ரெண்டு டம்ளரையும் கழுவி மாத்தறது, பேலட்ல கலங்கின மூலைய துடைக்கறது, அடுத்த வாஷ் எங்க ஆரம்பிச்சு எங்க நிக்கணும்னு துண்டுப்பேப்பர்ல அம்புக்குறி போடறது, ஜன்னல்ல போய் நின்னு பாத்தத மூணு வரி எழுதறது ("8.10, மேகம் ரோடு வரைக்கும், கொடி மட்டும் தெரியுது"). டீ போட்டு குடிங்க. இது சின்ன விஷயமா தோணும், ஆனா திரும்பி வரும்போது கண்ணு அதே மலைலதான் இருக்கும்.

காஞ்சிருச்சான்னு தெரிய விரல் நுனிய வைக்காதீங்க, எண்ணெய் ஒட்டும், புறங்கைய லேசா வைங்க. சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. பளபளப்பு போயிட்டா மட்டும் காஞ்சதா அர்த்தம் இல்ல, பளபளப்பு போன அந்த சமயம்தான் ரொம்ப ஆபத்து, பூ விழறது அப்பதான். ஹேர் டிரையர் வைக்கலாம், பளபளப்பு போனதுக்கு அப்புறம், ஒரு அடி தள்ளி, ஆட்டிக்கிட்டே. அதுக்கு முன்னாடி வச்சா காத்து கலர தள்ளிட்டு போகும்.

எல்லாத்த விட பெருசு, காய வைக்கற தடவையவே கொறைங்க. மழைக்காலத்துல நான் இப்ப ஒரு படத்துக்கு மூணு வாஷ்தான் வச்சுக்கறேன், வானமும் மேகமும் ஒண்ணு, நடு மலை ஒண்ணு, முன்னாடி இருட்டு ஒண்ணு. ஏழு லேயர் கிளேசிங் (காஞ்ச கலர் மேல மெல்லிசா இன்னொரு கலர் பூசறது) எல்லாம் மாசி பங்குனி வெயில்ல வச்சுக்கலாம். அதுவும் பத்தலன்னா ஒரே காட்சிய ரெண்டு சின்ன ஷீட்ல சேத்து ஆரம்பிங்க, ஒண்ணு காயும்போது இன்னொண்ணுல வேலை. அதே வெளிச்சம், அதே மூணு கலரா இருக்கணும், இல்லன்னா அதுவே புது குழப்பம்.

அறிகுறி 4: படத்துல ஏதோ இடிக்குது, என்னன்னு தெரியல

நிழல பாருங்க. எங்க தெருவுல டீ பறிக்கிற அக்கா ஒருத்தங்க சாயங்காலம் இலைப்பை எடை போட்டுட்டு வரும்போது எட்டிப் பாப்பாங்க. ஒரு நாள் "எத்தன மணிக்கு வரைஞ்ச பாப்பா?"ன்னு கேட்டாங்க. "ஏங்க்கா?"ன்னேன். "மரத்துக்கு காலை வெயில் அடிக்குது, பாதைக்கு சாயங்கால வெயில் விழுகுதே." அவ்வளவுதான் சொன்னாங்க, நான் ரெண்டு வாரமா தேடிட்டு இருந்தது அதுதான்.

காரணம் போன்ல இருந்த போட்டோ. ஒரே இடத்த 200 தடவைக்கு மேல எடுத்து வச்சிருந்தேன், மரம் நல்லா விழுந்த படத்துல இருந்து மரம், பாதை நல்லா விழுந்த படத்துல இருந்து பாதைன்னு பொறுக்கி சேத்தேன். போன் கேமரா வேற நிழல தூக்கி காட்டும், வானத்த இறக்கி காட்டும், அகல லென்ஸ்ல பின்னாடி மலை சின்னதா போயிடும், நேர்ல கண்ண அடைக்கிற மலை போட்டோல கொல்லைச்சுவர் அளவு ஆயிடும்.

ஒரு படத்துக்கு ஒரு போட்டோ, அதையும் கருப்பு வெள்ளையாக்கி பிரிண்ட் எடுத்து வைங்க, கலர் நேர்ல பாத்து எழுதின குறிப்புல இருந்து வரட்டும். ரெண்டு வெளிச்சமும் விட மனசில்லன்னா ரெண்டு படமா பண்ணுங்க. பிரெஞ்சு ஓவியர் மோனே 1892, 93ல அவங்க நாட்டு ரூவான் தேவாலயத்த அப்படித்தான் பண்ணார், வெளிச்சம் மாற மாற வேற கேன்வாஸ எடுப்பார், அந்த வெளிச்சம் திரும்ப வந்தா அந்த கேன்வாஸ், மொத்தம் முப்பதுக்கு மேல போச்சு. ஒரே கேன்வாஸ்ல எல்லா மணிநேரத்தையும் திணிக்கல.

அறிகுறி 5: எல்லா விவரமும் இருக்கு, மலை மட்டும் காணோம்

படிச்சவங்களுக்கு, காட்ட நேசிக்கிறவங்களுக்கு வர்ற பிரச்னை இது, எனக்கு இது மேல ஒரு பரிவு உண்டு. லாங்வுட் சோலை 116 ஹெக்டேர், 2024ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சு, நான் அதப் பத்தி படிக்க ஆரம்பிச்சு நிறுத்தவே முடியல. நாவல் இனம், காட்டுச் செண்பகம், காட்டுப்பூவரசு, மரத்தண்டுல பாசி, பெரணி, ஆர்க்கிட். இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் படத்துல அத்தனையும் வேணும்னு ஆசை, ஒவ்வொரு மரத்துக்கும் இலை தனியா போட்டேன். நான் உக்காந்த இடத்துல இருந்து சோலை ஓரம் இருநூறு மீட்டராவது இருக்கும், அங்கிருந்து ஒரு இலையும் தெரியாது. தெரியறது என்ன, குடை குடையா உருண்டு நிக்கிற மரத்தலைங்க, ஒண்ணுக்கு ஒண்ணு நடுவுல கருப்பு, தளிர் விடற சமயத்துல அங்கங்க செம்பு நிறம். அவ்வளவுதான்.

தெரிஞ்சத மறக்கணும்னு சொல்லல, அது கண்ணுக்கு உதவட்டும். சோலைத் தளிர் செவப்பா வரும்னு படிச்சதாலதான் அந்த செம்பு நிறத்த நான் கவனிச்சேன், இல்லன்னா எல்லாத்தையும் பச்சைன்னு தாண்டியிருப்பேன். ஆக படிக்கறது வேற நாள், வரையறது வேற நாள். வரையற அன்னைக்கு நீங்க நிக்கிற இடத்துல இருந்து தெரியாத எதுவும் பேப்பருக்கு வரக்கூடாது. சந்தேகம் வந்தா கைய நீட்டி கட்டைவிரல் நகத்த மரத்து மேல வச்சு பாருங்க, முழு மரமும் நகத்துக்குள்ள மறையுதுன்னா இலைய பத்தி யோசிக்க வேண்டியதில்ல.

அறிகுறி 6: பிரஷ் காத்துலயே நிக்குது, ஒவ்வொரு கோட்டுக்கும் மண்டைக்குள்ள பத்து பேர் பேசறாங்க

"ஓரத்த மென்மையாக்கு", "ஒரே தடவைல போடு", "வெள்ளைய காப்பாத்து", "வார்ம் கூல் மாத்து". எல்லாம் நல்ல அறிவுரை. ஜார்ஜ் மில்லர்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1956ல மனுஷன் மனசுல ஒரே நேரத்துல ஏழு, கூடக்கொறைய ரெண்டு விஷயம் நிக்கும்னு சொன்னார், அப்புறம் 2001ல அதே துறைல நெல்சன் கோவன் அது சுமாரா நாலுதான்னு சொன்னார். நான் என் கைய வச்சு எண்ணிப் பாத்தேன். பிரஷ்ல எவ்வளவு தண்ணி, எவ்வளவு இருட்டு, சூடா குளிர்ச்சியா, ஓரம் கூரா கரைஞ்சதா. நாலு ஆயிடுச்சு. அஞ்சாவதா ஒரு குரல் வந்தா நாலுல ஒண்ணு எந்திரிச்சு போகும், என் அனுபவத்துல மொதல்ல போறது தண்ணிதான், உடனே படம் தெரியும்.

அறிவுரைய தலைல வச்சுக்காதீங்க, பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க, ஒரே ஒண்ணு. இந்த வாரம் "ஓரம்"னா ஓரம் மட்டும். அடுத்த வாரம் கிழிச்சுட்டு வேற.

அறிகுறி 7: பாதில குரூப்ல போட்டேன், எட்டு பேர் எட்டு சொன்னாங்க

பாதி படத்த போடாதீங்க. அன்பா சொல்றவங்கதான், தப்பு அவங்க மேல இல்ல, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா அவங்கவங்க படத்த சொல்லத்தான் செய்வாங்க. கேக்கணும்னா காஞ்ச படத்த ஒரே ஆள்கிட்ட ஒரே கேள்வியா கேளுங்க, "மலை முன்னாடி தெரியுதா மேகம் முன்னாடி தெரியுதா?"ன்னு. அந்த அக்கா மாதிரி தினமும் அந்த காட்டுல நிக்கிறவங்க கிடைச்சா இன்னும் நல்லது.

அறிகுறி 8: ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள படமா ஓடுது, சேவ் பண்ணது ஆயிரத்த தாண்டியாச்சு

சேவ் பண்றதெல்லாம் கத்துக்கிட்ட மாதிரி ஒரு நிம்மதி குடுக்கும், அந்த நிம்மதிலதான் மறுநாள் வரையாம விட்டுடறோம். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், அதுல மட்டும் திறங்க. சேவ் பண்ணதுல ஒண்ண எடுத்து பேப்பர்ல பண்ணிப் பாருங்க, பண்ணதும் அழிச்சிடுங்க. பண்ணிப் பாக்கத் தோணாதது எல்லாம் ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தா பாக்காமலே அழிக்கலாம், நான் அப்படி 600க்கு மேல அழிச்சேன், ஒண்ணு கூட திரும்ப தேடல.

இதுல எதுவும் இல்லன்னா

பல்ப பாருங்க. மஞ்சள் பல்புக்கு கீழ கலந்த சாம்பல் பகல்ல நீலமா தெரியும். நாப்பது தாண்டினவங்க கண்ணாடி நம்பரும் பாத்துக்கோங்க. தகவல் அதிகமானதால வர்ற சோர்வுன்னு நினைச்சு என் ஸ்டூடன்ட் ஒருத்தங்க மாசக்கணக்கா வருத்தப்பட்டாங்க, கடைசில வெள்ளெழுத்துதான்.

ஏற்கனவே கெட்டுப்போன படத்த என்ன பண்றது

கிழிக்காதீங்க. ரெண்டு நாள் நல்லா காய விட்டு, சுத்தமான ஈர பிரஷால தேச்சு டிஷ்யூல ஒத்தி எடுங்க. அல்ட்ராமரின் ஓரளவு வரும், தேலோ கிரீன் போட்டிருந்தா வராது, நாருக்குள்ள போய் உக்காந்துடும், அங்க மல்லுக்கட்டினா பேப்பர் நூல் நூலா எந்திரிக்கும். அது ஆகலன்னா அட்டைய எல் மாதிரி ரெண்டு வெட்டி, ரெண்டையும் சேத்து சட்டமா பிடிச்சு படத்து மேல நகத்திப் பாருங்க, எந்த இடத்துலயாவது நீங்க உங்க கண்ணால பாத்தது மிச்சம் இருக்கும்.

அந்த நவம்பர் மேகம் ஷீட் 15க்கு 22 இன்ச், ஊதாவும் காலிஃபிளவரும் விழுந்தது போக இடது மூலைல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு சில்வர் ஓக் ரெண்டு, ஒண்ணு முழுசா, ஒண்ணு தலை மட்டும் மேகத்துல. அத வெட்டி எடுத்தேன். பெரியப்பா வீட்ல அவர் பிரஷ் தொங்கவிட்டிருக்கிற ஆணிக்கு பக்கத்துல இப்ப அது இருக்கு, மூணு கலர்தான் அதுல, அவரே எண்ணிப் பாத்துட்டுத்தான் மாட்டினார்.